எங்களைப் பற்றி யாரைக் கேட்கிறீர்கள்?
தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,



2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் இரண்டு சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் ஊரக உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமர அவை வழி செய்தன. 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தேர்தலில் நின்று ஜெயிக்கப் பணமோ சாதி பலமோ இல்லாத ஒரு பார்வையற்ற பெண், தன் ஊராட்சி மன்றத்தில் உட்கார்ந்து, மின்கம்பம் ஏன் நடைபாதையின் நடுவில் நிற்கிறது என்று கேட்கலாம். கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறும். இதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு மனமார நன்றி சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நன்றியோடு ஒரு கவலையும் வருகிறது. நியமனம் என்றால் ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்ல வேண்டும். இந்த ஒன்றியத்தில் தகுதியான பார்வையற்றவர் யார் என்று தெரிந்துகொள்ள அதிகாரிகள் முதலில் யாருக்குப் போன் செய்வார்கள்? எங்கள் அனுபவத்தில் இல்லம் நடத்துகிறவருக்கு, சிறப்புப் பள்ளி நடத்துகிறவருக்கு, டிரஸ்ட் வைத்திருப்பவருக்கு. அவர்களில் பெரும்பாலோர் பார்வையுள்ளவர்கள். நல்லவர்களாகவும் இருக்கலாம். ஆனால் நாங்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் பெயரில் தவறாகப் பேசினால் அவர்களை மாற்றவும் எங்களால் முடியாது.

பார்வையற்றோருக்காகப் பிறர் நடத்தும் நிறுவனங்களையும் பார்வையற்றோர் தாங்களே கூடி நடத்தும் சங்கங்களையும் அரசு அலுவலகங்கள் ஒரே வரிசையில் உட்கார வைக்கின்றன. சேவை வழங்குவதற்கு அது சரியாக இருக்கலாம். கருத்துக் கேட்பதற்குச் சரியில்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். சிறப்புப் பள்ளியில் படித்தேன், விடுதியில் வளர்ந்தேன், இப்போது அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என்னைப் போன்றவர்களின் வாழ்க்கையிலிருந்து அமைப்புகளைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியிராவிட்டால் தென்தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறை திண்ணையிலேயே முடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. அதனால் இங்கே நான் சொல்லப்போகும் குறைகளை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சங்கம் என்றால் எங்களுக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேரும் பார்வையற்ற மாணவனுக்குப் பாடம் வாசித்துக்காட்ட ஒரு ரீடர் வேண்டும், தேர்வெழுத ஒரு ஸ்கிரைப் வேண்டும். கல்லூரி அலுவலகம் விதியை எடுத்துச் சொல்லும், ஆளைத் தராது. காலை பத்து மணிக்குத் தேர்வு. முந்தைய இரவு எட்டு மணிக்கு ஸ்கிரைப் போன் செய்து வீட்டில் விசேஷம், வர முடியாது என்பார். அந்த நேரத்தில் நாங்கள் எந்த அலுவலகத்தையும் கூப்பிட்டதில்லை. சங்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு அண்ணனைக் கூப்பிடுவோம். அவரும் பார்வையற்றவர், ஒரு வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர். இருபது பேருக்குப் போன் போட்டு, நள்ளிரவுக்குள் ஒரு பதினோராம் வகுப்புப் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பார். அந்தப் பெண் என்னைவிடக் கீழ்வகுப்பு என்று காட்டும் சான்றிதழ் வேண்டும் என்பதையும் அவரே நினைவுபடுத்துவார். என் பட்டம் அப்படி வந்தது. என் தலைமுறையில் படித்த பார்வையற்றவர் யாரைக் கேட்டாலும் இதைப் போல ஒரு கதை சொல்வார்கள்.

வேலையும் அப்படி வந்ததுதான். தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 1970-இல் தொடங்கப்பட்டது. 1980 மார்ச் 16 அன்று டெல்லியில் வேலை கேட்டு ஊர்வலம் போன பார்வையற்றோர் மீது தடியடி நடந்தது. வடக்கே அந்த நாளை எதிர்ப்பு நாளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் மூன்று விழுக்காட்டை ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டைப் பார்வையற்றோருக்கும் குறைப்பார்வையோருக்கும் தந்தது. துறைகளோ, 'இன்ன பணி மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்' என்று அடையாளம் கண்ட சில பணியிடங்களைக் கணக்கில் வைத்து அந்த ஒரு விழுக்காட்டையும் கரைத்துவிட்டன. மொத்தக் காலியிடங்களைக் கொண்டே இடஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 8 அன்று சொன்னது. வழக்கைத் தொடுத்தது அந்தக் கூட்டமைப்பு. வாதாடிய மூத்த வழக்கறிஞர் எஸ்.கே. ருங்டா பார்வையற்றவர். தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவம்.

இந்த வழக்கைத் தையல் இயந்திரமும் அரிசி மூட்டையும் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் தொடுத்திருக்குமா? அரசிடம் மானியம் வாங்கும் நிறுவனம் அரசுக்கு எதிராக வழக்குக்குப் போவது அரிது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அப்படி என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அடுத்த வேளைச் சோறு போட வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் கவலை வேறு வேறு.

ஆணையர் அவர்களே, ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு நீங்கள் சிறப்பு விருந்தினராகப் போயிருப்பீர்கள். மேடையின் பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருப்பார்கள். பிரார்த்தனைப் பாட்டு, பிறகு ஒரு சினிமாப் பாட்டு, பிறகு பிரெயில் வாசித்துக் காட்டல். பேசும் கடிகாரம் ஒன்றை ஒரு பையன் கையில் வைத்து, போட்டோவுக்காக அந்தக் கையைப் பிடித்து உயர்த்தியிருப்பார்கள். அந்தப் பையனாக நானும் நின்றிருக்கிறேன். நன்கொடையாளர் வரத் தாமதமானால் சாப்பாடும் தாமதமாகும். வந்தவர் பேசும்போது, இருளில் வாழும் இந்தக் குழந்தைகள் என்று சொல்வார், குரல் தழுதழுக்கும். எங்களுக்குப் பசி இருந்தது, கணக்குப் பாடம் வராத கவலை இருந்தது, பக்கத்துக் கட்டில்காரனோடு சண்டை இருந்தது. இருள் என்று அவர் சொன்னது என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னால்தான் காசோலை வரும் என்பது பத்து வயதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். போவதில்லை. அதே விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்கலங்கிய ஒரு தொழிலதிபர், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தன் அலுவலகத்தில் வேலை கேட்டு ஒரு பார்வையற்ற பட்டதாரி வந்து நிற்கும்போது எதை நினைப்பார்? மேடையில் கைப்பிடித்து நடத்திவந்த குழந்தையைத்தான். தாராளமாக நன்கொடை தருவார், வேலை தரமாட்டார். எங்களால் முடியாது என்று காட்டினால் நிதி வருகிறது. எங்களால் முடியும் என்று காட்டினால்தான் வேலை வருகிறது. இந்த இரண்டையும் ஒரே வாய் பேச முடியாது. வெண்கோலோடு தனியாகப் பேருந்தில் வந்து இறங்கி, திரைவாசிப்பானில் கோப்பு பார்த்து, சம்பள உயர்வு கேட்டுச் சண்டையும் போடுகிற பார்வையற்றவர் நிதி திரட்டும் சுவரொட்டிக்குப் பொருந்தமாட்டார். உங்கள் அலுவலகம் திட்டம் தீட்டும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டியவர் அவர்.

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனம் ஒரு வேனில் இருபது பிள்ளைகளை ஏற்றிவரும். மைக் நிர்வாகியிடம் இருக்கும். கடைசியில் ஒரு பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்து, நீயும் ஏதாவது சொல்லு என்பார்கள். படுக்கவும் சாப்பிடவும் அவர்கள் தரும் இடத்தை நம்பியிருக்கும் பிள்ளை, அந்த விடுதியின் கழிவறையில் தண்ணீர் வருவதில்லை என்று உங்கள் முன்னால் சொல்லுமா? பெண்பிள்ளை என்றால் அதைவிடக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கலாம். சொன்னால் அன்றிரவு எங்கே போய்த் தூங்குவது? இல்லத்தில் இருப்பவரின் கருத்தை அந்த இல்லத்தை நடத்துகிறவரின் முன்னிலையில் கேட்பது விசாரணையே ஆகாது. நிர்வாகத்தின் நல்ல மனத்தைச் சோதிக்கும் கேள்வி இது இல்லை. எவ்வளவு அன்பான இடமாக இருந்தாலும் சோறு போடுகிறவருக்கு எதிராகப் பேச மனிதர்களுக்கு வாய் வராது.

யாரைக் கேட்கிறோம் என்பது எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு பேருந்து நிலையத்தில் தொடு உணர் ஓடுகள் பதித்திருந்தார்கள். வெண்கோலைத் தட்டிக்கொண்டு நான் அவற்றின் மேல் நடந்தேன். கோடுகள் நேராகப் போய் ஒரு தூணில் முடிந்தன. எச்சரிக்கைக்கான புள்ளி ஓடு எதுவும் தூணுக்கு முன்னால் இல்லை. சுற்றிக்கொண்டு போனால் அடுத்த வரிசை எங்கே தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த பொறியாளர் ஒருவரிடம் பொறுமையாகவே கேட்டேன். "சார், நாங்களா போடல. பார்வையற்றோருக்கு வேலை செய்யுற ஒரு நிறுவனத்தக் கேட்டுத்தான் போட்டோம், அவங்க வந்து பார்த்து ஓகே சொன்னாங்க" என்றார். வந்து பார்த்தவர் யார் என்று கேட்டேன். அவர்களுடைய மேனேஜர் என்றார். அந்த மேனேஜருக்குப் பார்வை உண்டு. ஓட்டின் மஞ்சள் நிறம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருப்பார். அவர் காலால் பார்க்கவில்லை.

ரூபாய் நோட்டு விஷயத்தில் இதுவே நாடு முழுவதற்கும் நடந்தது. 2016 முதல் வந்த புதிய நோட்டுகளின் அளவுகள் எங்கள் விரல்களைக் குழப்பிவிட்டன. எந்த நோட்டு எது என்று தெரியாமல் காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் கொடுத்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வையற்றோர் சங்கம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1952-இல் தொடங்கப்பட்ட அந்தப் பழைய சங்கம் இதில் எங்கள் பக்கம் உறுதியாக நின்றதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. ஸ்மார்ட்போனை நோட்டுக்கு மேல் காட்டினால் அது மதிப்பைச் சொல்லும். சந்தையில் கீரை விற்கும் பார்வையற்ற அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருந்தால்தான் இந்தத் தீர்வு அவருக்குத் தீர்வு. அச்சடிப்பதற்கு முன்பே நோட்டை எங்களில் சிலர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தால் செயலியே தேவைப்பட்டிருக்காது.

இது தமிழ்நாட்டில் மட்டும் எழும் பிரச்சினை இல்லை. உலகமெங்கும் பார்வையற்றோர் இதற்காகப் போராடியிருக்கிறார்கள். 1920 ஏப்ரலில் பிரிட்டனில் பார்வையற்றோர் தேசியக் கழகம் என்ற தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்கள் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் ஆகிய மூன்று நகரங்களிலிருந்து கால்நடையாகவே லண்டனுக்குப் போனார்கள். 'தருமம் வேண்டாம், நீதி வேண்டும்' என்பதுதான் அவர்கள் பதாகையில் இருந்த செய்தி. பட்டறைகளில் கூடையும் துடைப்பமும் பின்னிக் குறைந்த கூலி வாங்கிய தொழிலாளர்கள் அவர்கள். அவர்களுடைய கோபத்தில் பெரும்பகுதி, அந்தப் பட்டறைகளை நடத்திய அறக்கட்டளைகளின் மேல். அதே ஆண்டில் பார்வையற்றோர் சட்டம் வந்தது. பார்வையற்றோருக்கான ஓய்வூதிய வயது எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது.

அமெரிக்காவில் ஜேகோபஸ் டென்புரூக் என்ற பார்வையற்ற சட்ட அறிஞர் 1940-இல் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார். சேவை நிறுவனங்கள் அதை விரும்பவில்லை. கூட்டமைப்பில் சேராதே என்று பயனாளிகளை மிரட்டிய புகார்கள் எழுந்தன. 1957-இல், அப்போது செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடி ஒரு மசோதா கொண்டுவந்தார். பார்வையற்றோர் தமக்கென அமைப்பாகச் சேரும் உரிமையை நிறுவனங்கள் தடுக்கக் கூடாது, பார்வையற்றோருக்கான திட்டங்களை வகுக்கும்போது அவர்களுடைய சொந்த அமைப்புகளைக் கலந்தே செய்ய வேண்டும் என்றது அது. மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர்கள் பார்வையற்றோருக்காக வேலை செய்த நிறுவனங்களே. அது கடைசிவரை சட்டமாகவில்லை. உலக அளவிலும் இரண்டு பேரவைகள் தனித்தனியாகவே இருந்தன. ஒன்று 1951-இல் தொடங்கப்பட்ட, நலப்பணி நிறுவனங்களின் மன்றம். மற்றது 1964-இல் டென்புரூக் தொடங்கிய, பார்வையற்றோரின் சர்வதேசக் கூட்டமைப்பு. இரண்டும் 1984-இல் ரியாத்தில் இணைந்து உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் ஆயின.

கென்னடியின் மசோதா கேட்டதை இன்று சர்வதேச உடன்படிக்கையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது. அதன் நான்காம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் எந்த முடிவையும் அவர்களுடைய பிரதிநிதித்துவ அமைப்புகளோடு நெருக்கமாகக் கலந்துபேசியே எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரதிநிதித்துவ அமைப்பு எது என்ற கேள்விக்கு உடன்படிக்கைக் குழு 2018-இல் தன் ஏழாவது பொதுக் கருத்துரையில் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளே வழிநடத்தி நிர்வகிக்கும் அமைப்பு, உறுப்பினர்களில் தெளிவான பெரும்பான்மை அவர்களாகவே இருக்கும் அமைப்பு. அவர்களுக்காகச் சேவை செய்யும் நிறுவனங்கள் இதில் சேரா. இரண்டின் நலன்களும் முரண்படக்கூடும் என்பதையும், கலந்தாலோசனையில் மாற்றுத்திறனாளிகளின் சொந்த அமைப்புகளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பதையும் அந்தக் கருத்துரை கூறுகிறது.

நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. பதிவுபெற்ற அமைப்பு என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மாற்றுத்திறனாளிகளின் சங்கம், பெற்றோர் சங்கம், தொண்டு நிறுவனம், அறக்கட்டளை எல்லாம் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன. மாநில ஆலோசனை வாரியத்தைப் பற்றிய 66-ஆம் பிரிவு, அமைப்புகளின் சார்பில் நியமிக்கப்படும் பத்துப் பேரும் 'இயன்றவரை' மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்கிறது. அவர்களில் ஐந்து பேர் பெண்கள், பட்டியல் சாதியிலும் பழங்குடியிலும் தலா ஒருவராவது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சட்டம் உறுதியாக இருக்கிறது. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை, உங்களுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் இடம் விட்டிருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. அரசுக்கு அதை எடுத்துச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இனி எங்கள் வீட்டுக்குள் இருக்கும் குறைகளைச் சொல்கிறேன். பார்வையற்றோர் நடத்திவிட்டாலே ஒரு சங்கம் எல்லாப் பார்வையற்றோருக்கும் சொந்தமாகிவிடாது. ஒரே தலைவர் பல ஆண்டு தொடரும் சங்கங்கள் இருக்கின்றன. கேள்வி கேட்டவர் வெளியே போய் இன்னொரு சங்கம் தொடங்க, ஒரே கோரிக்கையோடு இரண்டு மனுக்கள் உங்கள் மேசைக்கு வந்து, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிட்ட சம்பவங்களும் உண்டு. எங்கள் தலைவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல ஆண்கள், பட்டதாரிகள், அரசு ஊழியர்கள், சென்னைக்கு வந்துபோக வசதியுள்ளவர்கள். அதனால் எங்கள் கோரிக்கைகளும் வேலை, பதவி உயர்வு, பணியிட மாறுதல் என்றே சுற்றுகின்றன. ரயிலில் ஊதுவத்தியும் கடலை மிட்டாயும் விற்கிறவரின் கோரிக்கை எங்கள் மனுவில் ஏழாவதாக வரும், சில சமயம் வரவே வராது. நாற்பது வயதில் சர்க்கரை நோயால் பார்வை போன ஒரு லாரி டிரைவருக்கு எந்தச் சங்கத்தின் முகவரியும் தெரியாது. பிரெயில் தெரியாத அவருக்கு எங்கள் கூட்டங்களில் இடமும் இல்லை. குறைப்பார்வை உள்ளவர்களை நாங்களே பாதி வெளியாட்களைப் போல நடத்தியிருக்கிறோம். பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களைப் பற்றி எங்கள் சங்கங்களில் பேச்சே எழுவதில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்தால் ஒரு பார்வையற்ற பெண் எப்படி வீடு திரும்புவாள்? வீட்டில் விடுவார்களா? அவர்களுக்கு மகளிர் அணி என்று ஒரு பெயரைக் கொடுத்து, விழாவில் வரவேற்புரையையும் கொடுத்துவிட்டு, செயற்குழுவில் இடம் கொடுக்காத சங்கங்களே அதிகம். தோழிகள் பலர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விடுதிகளிலும் போராட்டக் களங்களிலும் அவர்கள் பட்ட தொல்லைகளைச் சங்கத்துக்குள்ளேயே சொல்ல முடியாமல், வெளியே சொன்னால் சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்ற பயத்தில் விழுங்கியவர்களும் உண்டு. இந்தப் பயத்தை உடைக்காத வரை எங்களுக்காக நாங்களே பேசுகிறோம் என்று நாங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1,27,405 பேர். எங்கள் சங்கங்கள் எல்லாவற்றின் உறுப்பினர் பட்டியலையும் சேர்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது என்பதைச் சங்கத்தில் இருக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இந்தக் குறைகளுக்காக எங்களை ஒதுக்கிவிட்டு மீண்டும் டிரஸ்ட் நிர்வாகியிடம் போவது தீர்வாகாது. தேர்தல் நடத்து, கணக்குக் காட்டு, பெண்களைச் செயற்குழுவில் சேர் என்று எங்களிடம் உங்களால் நிபந்தனை போட முடியும். சங்கத்தை நாங்கள் உள்ளிருந்து திருத்தவும் முடியும். பிறருடைய நிறுவனத்தை எங்களால் எந்த வழியிலும் திருத்த முடியாது.

2024 பிப்ரவரியில் பார்வையற்ற பட்டதாரிகள் சென்னைச் சாலைகளில் உட்கார்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2013 செப்டம்பரிலும் உட்கார்ந்தார்கள். ஒரே சமூகம், ஏறக்குறைய அதே கோரிக்கைகள். போக்குவரத்து நின்றது, போலீஸ் வந்தது, வேனில் ஏற்றினார்கள். சாலைக்கு வருவது எங்களுக்கு எளிது என்று நினைக்காதீர்கள். முன்பின் தெரியாத இடத்தில், கூட்ட நெரிசலில், கோலைத் தவறவிட்டு, தோழியின் கை நழுவிப் போகும் அச்சத்தோடு அங்கே உட்காருகிறோம். மாநில ஆலோசனை வாரியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த மேசையில் எங்களைக் கேட்டு, கேட்டதற்கு எழுத்தில் பதில் கொடுத்தால், சாலைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறையும்.

நான் கேட்பவை பணச் செலவு அதிகம் வைக்காதவை. உள்ளாட்சி நியமனங்களுக்கு உங்கள் துறை யாரையாவது பரிந்துரைத்தால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரை முன்மொழிந்த அமைப்பு எது, அதை நடத்துகிறவர்களில் எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகள் என்ற விவரத்தையும் வெளியிடச் செய்யுங்கள். இல்லத்தில் தங்கியிருக்கும் ஒருவரை அந்த இல்லமே முன்மொழிந்தால், நிர்வாகி இல்லாத அறையில் அவரோடு ஒரு முறையாவது பேசுங்கள். உங்களிடம் உள்ள அமைப்புகளின் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். மாற்றுத்திறனாளிகளே பெரும்பான்மை உறுப்பினர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருந்து, குறித்த காலத்தில் தேர்தல் நடத்தி, கணக்கைப் பொதுவில் வைக்கும் சங்கங்கள் ஒரு பட்டியலிலும், சேவை நிறுவனங்கள் மற்றதிலும் இருக்கட்டும். கொள்கை பற்றிய கூட்டம் என்றால் முதல் பட்டியலை அழையுங்கள். சேவையின் தரம் பற்றிய கூட்டம் என்றால் இரண்டையும் அழையுங்கள், ஆனால் பயனாளிகளைத் தனியாகக் கேளுங்கள். உலக வங்கிக் கடனுதவியோடு ₹1,700 கோடிக்கும் மேல் செலவாகும் மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டத்திலும், அதன் 'விழுதுகள்' சேவை மையங்களிலும் இந்த முறை வர வேண்டும். மையம் எப்படி நடக்கிறது என்ற அறிக்கையை அதை நடத்துகிறவரே எழுதித் தந்தால் போதாது. அங்கே வந்துபோகும் ஒரு பார்வையற்றவர், காது கேளாத ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் சேர்ந்து எழுதும் அறிக்கையும் வேண்டும்.

மாவட்டக் கூட்டங்களுக்கு வரும் பார்வையற்றவருக்கும் உடன் வரும் துணையாளருக்கும் பயணச் செலவு கொடுங்கள். இல்லாவிட்டால் வேன் வைத்திருக்கும் நிறுவனம் அழைத்துவருகிறவர்கள் மட்டும்தான் எப்போதும் வருவார்கள். பெண்களும் கிராமத்தவர்களும் வரும்படி கூட்டத்தைப் பகலில், பேருந்து வசதியுள்ள இடத்தில் வையுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் குரலுக்கும் இடம் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோர் நீதிபதியாக முடியாது என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. அந்த வழக்கின் தொடக்கம் பார்வையற்ற பிள்ளையின் தாய் ஒருவர் எழுதிய கடிதம். எந்தச் சங்கத்திலும் இல்லாத ஒருவருடைய கடிதத்தையும் எடுத்துப் படிக்கும் வழி உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைப் பத்து நாளாவது முன்னதாக அனுப்புங்கள். அதை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக அனுப்பினால் எங்கள் திரைவாசிப்பான் அதை ஒரு படம் என்று மட்டுமே சொல்லும், உள்ளே இருக்கும் ஒரு வரியையும் படிக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு போதும். எங்களில் பலர் பயன்படுத்தும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். அது தமிழையும் படிக்கும். அரசாணைகளும் இதே வடிவில் வரட்டும். கூட்டத்தில் என்ன பேசப்பட்டது, யார் சொன்னது ஏற்கப்பட்டது, ஏற்கப்படாததற்குக் காரணம் என்ன என்ற குறிப்பை முப்பது நாளுக்குள் உங்கள் இணையதளத்தில், கேப்சா இல்லாத பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்